தோசைக்கல்லும் பின்பாரமும்

1

இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் நிறைந்த அன்று, காலை ஏழே முக்கால் மணிக்கு, அபுதாபியிலிருந்து அல் ஐன் போகிற சாலையில், ஒரு பெட்ரோல் பங்கின் ஓரமாக நான் ஒரு தோசைக்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

வீட்டில் இருக்கும் வட்டக்கல் இல்லை. ஓட்டலில் ஒரே நேரத்தில் ஆறு தோசை வார்ப்பார்களே, அந்த நீளக்கல். நாற்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கு வயது ஐம்பத்தொன்று, என் முதுகுக்கு எழுபது. கால் இரண்டும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. கல்லின் கனத்தால்தான் ஆடுகின்றன என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே அதைக் கீழே வைக்காமல் நின்றேன். கீழே வைத்திருந்தால் வெறும் பயம் என்று தெரிந்துபோயிருக்கும்.

வழக்கமாக இந்த நாளில், நான் வந்து இறங்கிய கதையை வீட்டில் ஒருமுறை சொல்வேன். என் மனைவி மாலதி வெங்காயம் நறுக்கிக்கொண்டே 'ம்' கொட்டுவாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் அக்ஷயா காதில் மாட்டியிருப்பதைக் கழற்றவே மாட்டாள். இந்த வருஷம் அந்தக் கதையைச் சொல்லவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அந்த நிலைக்கு எப்படி வந்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். துபாய்க்காரன், அபுதாபிக்காரன் என்றால் ஏசி காரில் ஏறி ஏசி வீட்டில் இறங்குகிறவன் என்று நினைக்கும் ஊர்க்காரர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

2

மாலதி கல்யாணத்துக்கு முன்னால் கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு பார்த்தவள். தனி மேசை, தனி முத்திரை, அவள் கையெழுத்தில்லாமல் ஒரு மூட்டை வெளியே போகாது. அவளைக் கூட்டிக்கொண்டு வந்து முசஃபாவுக்குப் பக்கத்தில் ஒரு இரண்டு அறை ஃபிளாட்டில் உட்கார வைத்தேன். "ஒரு வருஷம் பொறு, உனக்கும் வேலை பார்ப்போம்" என்றேன். ஒரு வருஷம் என்று நான் சொன்னதில் பத்தொன்பது வருஷம் போய்விட்டது. நடுவில் அக்ஷயா பிறந்தாள், பள்ளிக்கூடம், பரீட்சை, வருஷத்துக்கு ஒரு லீவு.

சென்ற வருஷம் எங்கள் கம்பெனியில் ஆட்குறைப்பு என்ற பேச்சு வந்தது. நான் ஒரு கட்டுமான ஆலோசனைக் கம்பெனியில் டாக்குமென்ட் கன்ட்ரோலர். மற்றவர்கள் படிக்காத தாள்களைப் பத்திரமாக வைத்திருப்பது என் உத்தியோகம். முதலில் போகிற ஆள் யார் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். "இந்த ப்ராஜெக்ட் முடியும் வரை இருங்க, அப்புறம் பார்ப்போம்" என்றார் மேனேஜர். அந்த 'பார்ப்போம்' எனக்கு நன்றாகத் தெரிந்த 'பார்ப்போம்'. நானே மாலதிக்குச் சொன்னதுதான்.

அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மாலதி டைப்பிங் சென்டருக்குப் போய்விட்டாள். அரசாங்க விண்ணப்பம் எல்லாம் அரபியில் அடித்துத் தருகிற கடை. வீட்டிலிருந்து சமையல் தொழில் நடத்த லைசன்ஸ் கேட்டாள். அதற்கு ஒரு ஒப்புதல், அந்த ஒப்புதலுக்கு வீட்டுச் சொந்தக்காரரின் கடிதம், அந்தக் கடிதத்துக்கு வாட்ச்மேனின் சிபாரிசு, என் சம்மதக் கடிதம், அதற்கு என் கையெழுத்து, என் கையெழுத்து பாஸ்போர்ட்டில் இருப்பது போல இல்லை என்று திரும்ப ஒரு கையெழுத்து. நான்கு மாதம் ஆயிற்று. தொழில் பட்டியலில் தோசை என்று ஒன்று இல்லாததால் டைப்பிங் சென்டர் மலையாளி யோசித்து 'பான்கேக் தயாரிப்பு' என்று போட்டார். "சேச்சி, அரபிக்கு அதான் புரியும்" என்றார். ஆக என் மனைவி இந்த நாட்டு அரசாங்கப் பதிவில் பான்கேக் செய்கிறவள்.

முதல் பெரிய ஆர்டர் இந்த மாதம் வந்தது. ஒரு கம்பெனியின் குடும்ப தினம். அல் ஐன் பக்கம் ஒரு பண்ணை வீட்டில், நூற்று முப்பது பேருக்கு, நின்ற இடத்திலேயே வார்த்துக் கொடுக்கும் சுடச்சுட தோசை. அந்தக் கம்பெனியின் நிர்வாக மேனேஜர் ஷைலஜா மேடம், பாலக்காட்டுக்காரர். "நல்லா இருந்தா ஆபீஸ் மதிய சாப்பாடும் உங்களுக்குத் தரலாம் மாலதி" என்றிருந்தார்.

அது கிடைத்தால் என் வேலை போனாலும் அக்ஷயா பரீட்சை எழுதி முடிக்கும் வரை இங்கே இருக்கலாம். கிடைக்காவிட்டால் பாதிப் படிப்பில் அவளைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போக வேண்டும். இதை மூன்று பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் எல்லாரும் மரியாதையாக நடந்துகொண்டோம். எங்கள் வீட்டில் அது மிகவும் மோசமான அறிகுறி.

3

இரண்டு தோசைக்கல், அவற்றின் அடுப்புகள், சட்னி அரைக்க டில்டிங் கிரைண்டர், இருபது லிட்டர் தண்ணீர் கேன் பத்து, மடக்கு மேசைகள், நிழலுக்கு ஒரு கூடாரம், பேப்பர் தட்டு அட்டைப்பெட்டிகள். எங்கள் பழைய காரில் இதெல்லாம் ஏறாது. பிக்கப் பிடிக்கலாம் என்றாள் மாலதி. என்னை விதி பிடித்து உலுக்கியது. "நம்ம கார்லதான் பின்னாடி கொக்கி இருக்கே!" என்றேன்.

அந்தக் கொக்கி முன்னாள் சொந்தக்காரர் விட்டுப்போன சொத்து. கடலில் ஓட்டும் ஜெட் ஸ்கீயை இழுத்துப் போவாராம். நாங்கள் வாங்கியதிலிருந்து அது என் முழங்காலை இடிப்பதற்கு மட்டுமே பயன்பட்டு வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கடை திறந்ததும் முசஃபாவுக்குப் போனேன். வெல்டிங் பட்டறைகளுக்கு நடுவில் மீரான் பாயின் கடை. காயல்பட்டினத்துக்காரர். கூடாரம், ஜெனரேட்டர், டிரெய்லர் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறவர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், என்னைவிட ஐம்பது வயது நிதானம்.

"அண்ணே, இதுக்கு முந்தி எதையாச்சும் இழுத்திருக்கியளா?"

"குடும்பத்தை இழுக்கிறேன் பாய், இருபத்திரண்டு வருஷமா."

அவர் சிரிக்கவில்லை. "குடும்பத்துக்கு பிரேக் லைட் வேண்டாம். இதுக்கு வேணும். போய் மிதியுங்க, பாப்போம்."

நான் மிதித்தேன். டிரெய்லரின் பின்விளக்கு ஒன்று எரிந்தது, ஒன்று எரியவில்லை. வயரைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார், எரிந்தது. பிறகு நீண்ட பாடம். காரின் கொக்கியில் இருக்கும் இரும்புப் பந்தின் மேல் டிரெய்லரின் வாய் கவ்வ வேண்டும். பூட்டிய பிறகு டிரெய்லரின் மூக்கை ஜாக்கியால் தூக்கிப் பார்க்க வேண்டும். காரும் சேர்ந்து எழுந்தால் கவ்வியிருக்கிறது என்று அர்த்தம். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் அடியில் கத்திரி போலக் குறுக்காகப் போட வேண்டும். ஒருவேளை கழன்றால் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலி மேல் உட்கார்ந்துகொள்ளும். டயர் காற்று, டிரெய்லரின் பதிவுத் தாள், நம்பர் பலகை.

நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எங்கள் ஆபீஸ் கூட்டங்களில் நான் ஆட்டும் அதே தலை.

"சிரிச்சிக்கிட்டே தலைய ஆட்டுறிய. காதுல ஏறுச்சா? பாரம் எங்க வைக்கணும்?"

"நீங்களே சொல்லுங்க பாய்."

"முன்பாரம். பத்துல ஆறு பங்கு சக்கரத்துக்கு முன்னாடி, கார் பக்கம். நாலு பங்கு பின்னாடி. எவ்வளவு ஸ்பீடு?"

"எண்பது."

"வண்டி பின்னாடி ஆட்டம் போட ஆரம்பிச்சா?"

"அல்லாவையும் முருகனையும் சேர்த்துக் கூப்பிடணும்."

"கூப்பிடுங்க, ரெண்டு பேரும் வரட்டும். ஆனா பிரேக்ல கால வச்சிராதிய."

கடைசியாக ஒரு தாளைக் கொடுத்தார். ஆங்கிலம், அரபி, உருது மூன்றிலும் அச்சடித்த எச்சரிக்கைகள். நான் அதை நான்காக மடித்துக் காரின் முன்சீட்டுப் பெட்டியில் வைத்தேன். படிக்கவில்லை. உத்தியோக தர்மம்.

4

இனி என் தலைக்கனத்தைப் பற்றி.

வளைகுடாவில் இருபது வருஷம் இருந்தவனிடம் நீங்கள் எதைப் பற்றி வேண்டுமானாலும் வாதம் செய்யலாம், பெட்டி கட்டுவதைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. அது எங்கள் சாஸ்திரம். முப்பது கிலோ என்றால் இருபத்தொன்பது முக்காலுக்குக் கட்டுவோம். கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்வோம்.

இந்தச் சாஸ்திரத்தை நான் கற்றது அவமானத்தில். முதல் தடவை லீவு முடிந்து திரும்பும்போது திருச்சி விமான நிலையத்தில் எடை கூடிவிட்டது. வரிசையில் எல்லாரும் பார்த்திருக்க, தரையில் குத்த வைத்துப் பெட்டியைத் திறந்தேன். ஊறுகாய் பாட்டில், பருப்புப் பொடி, அம்மா கொடுத்த இட்லித் தட்டு, என் உள்ளாடைகள் எல்லாம் பொதுப் பார்வைக்கு வந்தன. பின்னால் நின்ற ஒரு மனிதர் தானும் உட்கார்ந்து எனக்கு அடுக்கிக் கொடுத்தார். "சக்கரம் இருக்கிற பக்கம் கனத்தைப் போடுங்க தம்பி, கைப்பிடிப் பக்கம் லேசு. அப்பத்தான் இழுக்க சொகமா இருக்கும், குடை சாயாது" என்றார். அன்றிலிருந்து அந்த விதியை நான் மீறியதில்லை.

சனிக்கிழமை விடிந்ததும், இந்த ஆர்டருக்காக இரண்டு நாளைக்கு எடுத்திருந்த வாடகைச் சமையல்கூடத்தின் வாசலில் டிரெய்லரைப் பார்த்தேன். ஒரு பக்கம் கைப்பிடி மாதிரி மூக்கு. இன்னொரு பக்கம் சக்கரம். இழுத்துக்கொண்டு போகிற சாமான். இது என்ன, பெரிய பெட்டிதானே!

பேப்பர் தட்டு, கூடாரம், மேசைகளை எல்லாம் முன்பக்கம் அடுக்கினேன். கைப்பிடிப் பக்கம் லேசு. கிரைண்டர், தண்ணீர் கேன், தோசைக்கல் எல்லாம் கடைசியில், பின்கதவை ஒட்டி. அங்கே போய் இறங்கியதும் முதலில் வேண்டியவையும் அவைதானே, கதவைத் திறந்தால் கைக்கு எட்டும். ஒரே கல்லில் இரண்டு வசதி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"என்னங்க, அந்த பாய் முன்னாடிதானே கனம் வைக்கச் சொன்னாருன்னு சொன்னீங்க?" என்றாள் மாலதி.

"அது ஜெட் ஸ்கீ ஏத்துறவங்களுக்கு. நான் எத்தனை பெட்டி கட்டியிருக்கேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். போன தடவை நெய் ஒழுகினதும் தெரியும்."

"அப்பா, அந்த ஷீட் எங்க? நான் படிக்கிறேன்" என்றாள் அக்ஷயா. கார் பெட்டியைக் காட்டினேன். எடுத்துக்கொண்டு பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

காரின் பின்பக்கம் கொஞ்சம் நிமிர்ந்தாற்போல இருந்தது. அதைக்கூட நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இவ்வளவு சாமான் ஏற்றியும் கார் அமுங்கவே இல்லையே, அடுக்கினால் இப்படி அடுக்க வேண்டும்!

மாவு மட்டும் டிரெய்லரில் இல்லை. மூன்று பெரிய டப்பாக்கள். இரண்டு காரின் டிக்கியில், ஒன்று மாலதியின் காலுக்கு நடுவில், ஏசி காற்று படும்படி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரைத்தது. பத்து மணிக்கு முதல் தோசை என்று கணக்குப் பண்ணி, அந்த நேரத்துக்குச் சரியாகப் பொங்கி நிற்கும்படி அரைத்திருந்தாள். இந்த ஊர்ச் சூட்டில் மாவுக்குப் பொறுமை கிடையாது. ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் புளிப்பு ஏறிவிடும். முறுகலாக, மெலிசாக வராது. ஷைலஜா மேடம் கேட்டிருந்தது மெலிசான நெய் ரோஸ்ட்.

5

அறுபதில் ஒன்றும் இல்லை. எண்பதில் ஒன்றும் இல்லை. இந்த ஊரில் மெதுவாகப் போகிறவர்களுக்கான வலது ஓரத்து லேனில் லாரிகளோடு லாரியாகப் போனோம். நூற்று நாற்பதில் பறக்கும் ஜனங்கள் எங்களை ஏதோ ஒட்டகத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்கள். அரை மணி நேரம் போனதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தைரியம் எனக்கு ஆகாது. தொண்ணூற்றைந்தைத் தொட்டேன்.

அப்போது ஒரு பெரிய டேங்கர் எங்களைத் தாண்டிப் போனது. அதன் காற்று அடித்தது. யாரோ பின்னாலிருந்து தோளைத் தட்டிக் கூப்பிடுவது போல ஒரு சின்னத் தள்ளல். கண்ணாடியில் பார்த்தேன். டிரெய்லர் வலது கண்ணாடியில் எட்டிப் பார்த்தது. அடுத்த நொடி இடது கண்ணாடியில். மறுபடி வலதில், முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாக. காரின் பின்பாகத்தை யாரோ இடுப்பைப் பிடித்து ஆட்டுவது போல இருந்தது. ஸ்டியரிங்கை நான் ஒரு பக்கம் திருப்ப, அது மறுபக்கம் போக, ஒவ்வொரு ஆட்டமும் பெரிதாயிற்று.

நான் என்ன செய்தேன் என்று நேர்மையாக எழுதுகிறேன். முருகா என்று கத்தவில்லை. "கேன்! கேன்!" என்று கத்தினேன். ஏன் தண்ணீர் கேனை நினைத்தேன் என்று இன்று வரை தெரியவில்லை. கால் பிரேக்கை நோக்கிக் கிளம்பிவிட்டது.

"டோன்ட் பிரேக்!" என்றது பின்சீட்டு. "டாட், ஆஃப் தி கேஸ். ஹோல்ட் இட் ஸ்ட்ரெயிட். டூ நத்திங்."

இருபத்திரண்டு வருஷமாக எனக்கு உத்தரவு போட்டவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில்தான் போட்டிருக்கிறார்கள். தமிழில் சொல்லியிருந்தால் நான் நிச்சயம் எதிர்த்துப் பேசியிருப்பேன். ஆங்கிலத்தில் வந்ததால் கால் தானாகக் கீழ்ப்படிந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தேன். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன். எதுவும் செய்யவில்லை.

எதுவும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த ஏழெட்டு நொடியில் தெரிந்தது. என் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு எலும்பும் ஏதாவது செய் என்றது. வேகம் எண்பதுக்கு வந்தது, எழுபதுக்கு வந்தது. ஆட்டம் சின்னதாகி, நாய் வாலை ஆட்டி நிறுத்துவது போல நின்றது.

மாலதி இரண்டு கையாலும் மாவு டப்பாவின் மூடியை அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது. அக்ஷயாவின் கையில் மீரான் பாயின் தாள் கசங்கியிருந்தது.

அவள் என்னை டாட் என்று கூப்பிட்டது அப்போதுதான் உறைத்தது. வீட்டில் எப்போதும் அப்பாதான். பயம் வந்தால் அவளுக்கு எந்த மொழி வருகிறது என்று தெரிந்துகொண்டேன். போன மாதம் ஒரு கல்லூரி விண்ணப்பத்தில் 'சொந்த நாடு' என்ற கட்டத்தை இரண்டு நாள் காலியாகவே வைத்திருந்தாள். "இந்தியான்னு போடு, இதுல என்ன யோசனை?" என்று அதட்டினேன். "நீங்க போடுங்கப்பா, உங்களுக்குத்தான் தெரியும்" என்று கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். நான்தான் அந்தக் கட்டத்தில் இந்தியா என்று டைப் செய்தேன்.

6

ஐம்பதில் ஊர்ந்து அந்த பெட்ரோல் பங்க் வந்து சேர்ந்தோம். ரிவர்ஸ் எடுக்கத் தேவையில்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினேன். டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பது எனக்குத் தெரியாத இன்னொரு கலை.

"சிக்ஸ்டி பர்சென்ட் முன்னாடி இருக்கணும்பா. டெயில் ஹெவியா இருந்தா ஸ்வே ஆகும்னு முதல் லைன்லயே போட்டிருக்கு" என்றாள் அக்ஷயா. குற்றம் சாட்டும் குரல் இல்லை. அதுதான் தாங்கவில்லை. திட்டியிருக்கலாம்.

கட்டுகளை அவிழ்த்து எல்லாவற்றையும் இறக்க ஆரம்பித்தோம். அப்போதுதான் நான் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. ஓரமாக லாரியை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெஷாவர் டிரைவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடி நரைத்த பெரிய ஆள். குவளையை வைத்துவிட்டு வந்தார். டிரெய்லரின் பின்பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாய்," என்று இந்தியில் கேட்டார், "இதை அடுக்கினது யாரு?"

"லேபர்" என்றேன்.

"அந்த லேபரை வேலையை விட்டுத் தூக்கு" என்றார்.

மாலதிக்கு இந்தி நன்றாகப் புரியும். "தூக்கத்தான் போறாங்க" என்றாள் தமிழில், என்னைப் பார்க்காமல். அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். அவள் குரல் உடைந்தது அப்போது மட்டும்தான். பிறகு ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

பெஷாவர்க்காரரும் நானும் கிரைண்டரைச் சக்கரத்துக்குச் சற்று முன்னால் ஏற்றினோம். கல் இரண்டும் அதை ஒட்டித் தரையோடு படுக்க வைத்தோம். ஆறு கேன் முன்னால், நான்கு பின்னால். தட்டும் மேசையும் கூடாரமும் வால்பக்கம். அவர் பட்டையை இழுத்துக் கட்டிவிட்டு, காரின் பின்பக்கம் கொஞ்சம் அமுங்கியிருப்பதைத் தட்டிக் காட்டினார். "இப்படி உட்காரணும்" என்றார். டீ வாங்கித் தருகிறேன் என்றேன், குடித்தாயிற்று என்று போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

மணி எட்டரை. மாலதி டப்பாவைத் திறந்து பார்த்தாள். மாவு மூடியைத் தொட்டு நின்றது. ஆட்டம் வேறு, வெயில் வேறு. மோந்து பார்த்தாள். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகும் அந்த முகத்தை என்னால் படிக்க முடியாது, மாவு விஷயத்தில் மட்டும் படித்துவிட்டேன்.

"நான் அந்த மேடத்துக்குப் போன் பண்றேன். டயர் பஞ்சர்னு சொல்லிடலாம்" என்றேன். சாக்கு சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம். ஆபீஸில் என் டயர் வருஷத்துக்கு நான்கு தடவை பஞ்சராகும்.

"எதுக்குங்க? மாவு புளிச்சது சாப்பிடறவங்க நாக்குக்குத் தெரிஞ்சிடும். அப்ப மாவும் பஞ்சர்னு சொல்லுவீங்களா?"

"அப்படின்னா என்ன சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அவளே போன் செய்தாள். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். "மேடம், டிரெய்லர்ல சாமான் தப்பா ஏத்திட்டோம். ரோட்ல ஆட்டம் கொடுத்திருச்சு. இறக்கி ஏத்தினோம். மெதுவாத்தான் வருவோம். ஒரு மணி நேரம் லேட். மாவு புளிப்பு ஏறிடும், ரோஸ்ட் வராது. ஊத்தப்பம் போடறேன். வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க, திரும்பிடறோம்."

நானும் அக்ஷயாவும் மாலதியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சரி மேடம்" என்று வைத்தாள். "வரச் சொல்றாங்க. ஏறுங்க."

"நூறுல போனா அரை மணி நேரம் மிச்சம்" என்று தொடங்கினேன்.

"எண்பதுக்கு மேல முள்ளு போச்சுன்னா நான் இறங்கி நடந்துடுவேன்" என்றாள் மாலதி. நடக்கக்கூடியவள்.

7

எண்பதில் போனோம். டேங்கர்கள் தாண்டிப் போயின. டிரெய்லர் சாதுவாகப் பின்னால் வந்தது. நான் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, கழுத்து பிடித்துக்கொண்டது.

பண்ணை வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தைத் தாண்டியிருந்தது. குழந்தைகள் ஏற்கெனவே தட்டோடு வரிசையில் நின்றார்கள். ஷைலஜா மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கல் காய்வதற்கே அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தில் மாலதி வெங்காயம், இஞ்சி, கொத்தமல்லியை மலை போல் நறுக்கிக் குவித்தாள். இருப்பதில் புளிப்பு குறைவாக இருந்தது ஏசிக்கு முன்னால் வைத்திருந்த டப்பாதான். அதைக் குழந்தைகளின் சாதா தோசைக்கு ஒதுக்கினாள். மற்ற இரண்டும் ஊத்தப்பம். கொஞ்சம் அரிசி மாவு கலந்தாள், மேலே இட்லிப் பொடி தூவினாள். நான் தேங்காய் உடைத்தேன். இரண்டு தேங்காய் தரையில் உருண்டு ஓடின. நான் துரத்திப் பிடித்ததைக் குழந்தைகள் விளையாட்டு நிகழ்ச்சியாக நினைத்துக் கை தட்டினார்கள்.

அக்ஷயா வரிசையை நிர்வகித்தாள். "ஒன் பான்கேக் வித் ஆனியன்ஸ்" என்றான் ஒரு பொடியன். "இட்ஸ் ஊத்தப்பம். சே இட், தென் யூ கெட் இட்" என்றாள். அவன் மூன்று தடவை தப்பாகச் சொல்லி நான்காவது தடவை வாங்கிப் போனான். நான் சட்னி வாளியோடு அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ரோஸ்ட் எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு அம்மாள் "புளிக்குதே" என்று தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனார். மாலதி அதைப் பார்த்தாள். அடுத்த ஊத்தப்பத்தைத் திருப்பிப் போட்டாள். இரண்டாவது தடவை வந்தவர்களும் இருந்தார்கள். மொத்தத்தில் எப்படி என்று அப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

மூன்று மணிக்கு எல்லாரும் நிழலில் சாய்ந்திருந்தபோது ஷைலஜா மேடம் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு மாலதிக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"மாலதி, நேராச் சொல்றேன். தினமும் உங்களுக்குத் தர முடியாது. இன்னிக்கு லேட், ரோஸ்ட் இல்லை. என் மேலதான் கேள்வி வரும்."

மாலதி தலையசைத்தாள். கையில் இருந்த துணியை மடித்தாள்.

"ஆனா காலையில நீங்க போன்ல பொய் சொல்லலை. எத்தனையோ பேர் எனக்கு பஞ்சர்னு சொல்லியிருக்காங்க." நான் வானத்தைப் பார்த்தேன். "வியாழக்கிழமை மட்டும் கொண்டு வாங்க. ஆபீஸுக்கு. மூணு மாசம் பார்ப்போம்."

வாரத்தில் ஒரு நாள். அதை வைத்துக்கொண்டு யாரும் இந்த ஊரில் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் மூன்று மாதம் என்பது அக்ஷயாவின் பரீட்சைக்கு இருபது நாள் முன்பு வரை போய் நிற்கிறது. மாலதி கண்ணை மூடி எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். பிறகு "சரி மேடம்" என்றாள்.

ஷைலஜா மேடம் ஒரு தாளை நீட்டினார். ஆபீஸ் கட்டடத்துக்குள் வண்டியும் டிரெய்லரும் நுழைய கேட் பாஸ் விண்ணப்பம். பழக்க தோஷத்தில் என் கை நீண்டது. இந்த நாட்டில் எங்கள் வீட்டுத் தாள் எல்லாவற்றையும் நிரப்பியது நான்தான். மாலதி அதைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டாள். கம்பெனி பெயர், லைசன்ஸ் எண், பொறுப்பாளர், எல்லாவற்றையும் பேனாவால் அழுத்தி எழுதினாள். அவள் கையெழுத்து இவ்வளவு நேராக இருக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

ஓட்டுநர் பெயர் என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"வியாழக்கிழமை லீவு கிடைக்குமா உங்களுக்கு?"

"அரை நாள் கேட்கலாம்."

"ஏத்தறதுக்கு முன்னாடி அந்தத் தாளைப் படிப்பீங்களா?"

"படிக்கிறேன்."

"நான் சொல்ற இடத்துலதான் சாமான் வைப்பீங்களா?"

வாயில் ஒரு ஜோக் வந்து நின்றது. நல்ல ஜோக் வேறு. முழுங்கினேன்.

"வைக்கிறேன்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள், அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, அக்ஷயாவிடம் திரும்பி, "உன்கிட்ட பென்சில் இருக்கா?" என்று கேட்டாள்.